பட்டியலை முடிக்குமுன் மருதமுனைக்கு ஒருமுறை வாருங்கள்

வர்த்தகத் திணைக்களத்துக்கும், இலங்கையின் சார்பில் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளைப் பேசி முடிக்கும் குழுவில் இருக்கும் ஐயாமார், அம்மாமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஊர்களுக்காகவும் எழுதுவதால் இரண்டையும் சொல்லித் தொடங்குகிறேன்.

எனக்குப் பாண்டிருப்பு. கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். சூரத்தில் இருந்து வரும் சேலையும் என் கடையில் இருக்கிறது. சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் மருதமுனையில் நெய்த சேலையும் இருக்கிறது. இந்தியச் சேலையில்தான் எனக்கு லாபம் கூட. அதை முதலே சொல்லிவிடுவது நல்லது. இறக்குமதி என்றாலே கத்துகிற ஆள் இவன் என்று நினைத்து நீங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடக் கூடாது.

நான் கேட்பது இதுதான். துணி, நூல், சேலை, சாறன் சம்பந்தப்பட்ட இறக்குமதித் தீர்வைக் குறைப்புப் பட்டியல் எதிலும் கையெழுத்து வைப்பதற்கு முன்னால், அந்தப் பட்டியலால் எந்த ஊரில் எத்தனை பேருடைய வேலை ஆடும் என்று ஊர்வாரியாக எண்ணுங்கள். எண்ணியதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியே போடுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்து வையுங்கள். வைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

1998 டிசெம்பரில் இந்தியாவுடன் உடன்படிக்கை கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பாகிஸ்தானுடன் 2002 இல் கையெழுத்தாகி 2005 இல் வந்தது. 2018 இல் சிங்கப்பூர், 2024 பெப்ரவரியில் தாய்லாந்து. இந்தியாவுடன் இன்னும் ஆழமான ஓர் உடன்படிக்கைக்கான பேச்சு 2016 இல் தொடங்கி, இடையில் படுத்து, 2023 இல் மறுபடி எழும்பியது. இவ்வளவும் நடந்த காலம் முழுக்க நான் கடையில்தான் இருக்கிறேன். இவற்றில் எந்த ஒன்றைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் வைத்து, “இப்படி ஒன்று வருகிறது, உங்களுக்கு என்ன பாதிப்பு?” என்று யாரும் கேட்டதை நான் பார்க்கவில்லை.

மருதமுனைத் தறிகள் குறைந்ததற்கு முழுப் பழியையும் உடன்படிக்கைகள் மேல் போடவும் நான் வரவில்லை. கணக்கு அதைவிடப் பழையது. 1970 இல் இருந்து 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் மருதமுனையில் தறிச் சத்தம் இல்லாத ஒழுங்கையே இல்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதே மூத்தவர்கள்தான் அந்தக் காலத்தில் நூலுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற கதையையும் சொல்வார்கள். 77 க்குப் பிறகு கதவு திறந்தது. வெளிநாட்டுத் துணி வந்தது. நாடு முழுக்கக் கைத்தறி விழுந்தது. அதன்மேல் யுத்தம். அதன்மேல் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடல். ஆகவே, ஏற்கெனவே மெலிந்துபோன ஒரு தொழிலின் மேல்தான் உங்கள் பேனா இப்போது நிற்கிறது. அதனால்தான் கூடுதல் கவனம் கேட்கிறேன்.

நான் சரக்கு எடுக்கும் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மருதமுனையில் அண்ணனைச் சொல்வதுபோல் காக்கா என்றே வைத்துக்கொள்வோம். முன் விறாந்தையில் இரண்டு தறி. நூல் இந்தியாவில் இருந்து வருகிறது, சாயமும் வெளியில் இருந்துதான். சாயம் போடுவது பின்வளவில், அடுப்பில் பெரிய பானை வைத்து. காய்ந்த நூலைத் தாரில், அதாவது சின்னக் குழலில், சுற்றுவது அவருடைய உம்மாவும் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவரும். தாத்தா என்றால் அங்கே அக்கா. பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் போகும் நூல், ஓட வேறொருவர் வருவார். புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்க இன்னொருவர். அந்த வேலைக்குக் கண் வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும். கடைசியில்தான் காக்கா தறியில் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓடவிடுவார். கரை வைத்த ஒரு சேலை முடிய ஒரு முழு நாள் போகும். வேலைப்பாடு கூடினால் இரண்டு நாளும் போகும். நான் கொடுக்கும் விலையில் நூலும் சாயமும் போக மிஞ்சுவதுதான் இத்தனை பேருக்கும் பிரியும் கூலி.

இவர்களில் ஒருவருக்காவது ஊழியர் சேமலாப நிதி கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. தார் சுற்றும் அந்தத் தாத்தாவிடம் போய் “நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “சும்மா வீட்டிலதான் இரிக்கன்” என்பார். ஆகவே உங்கள் கையில் இருக்கும் தொழிற்படை அட்டவணையில் அவர் இருக்க நியாயமில்லை. இல்லாத வேலை ஒன்று இல்லாமல் போனால் அதை யார் எண்ணுவது? இறக்குமதியால் வேலை போகவில்லை என்று கொழும்பில் ஓர் அறிக்கை வந்தால், அது பொய் என்று சொல்லமாட்டேன். இவர்கள் வேலையில் இருந்ததையே அந்த அறிக்கை எழுதியவர் அறிந்திருக்கமாட்டார்.

தீர்வைக் கணக்கை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனாலும் தறிப் பக்கம் இருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்று சொல்ல விடுங்கள். ஒரு சேலை 100 ரூபாய் என்று வைப்போம். அதில் நூலும் சாயமும் 40, கூலி 60. வெளியில் இருந்து வரும் சேலையின் தீர்வை குறைந்து, கடையில் அதன் விலை 10 ரூபாய் இறங்குகிறது. காக்காவும் 90 க்குத் தந்தால்தான் நான் வாங்குவேன். நூல்காரன் அதற்காக ஒரு சதம் குறைக்கமாட்டான். அப்போது 60 ரூபாய்க் கூலி 50 ஆகிறது. உங்கள் தாளில் 10 வீதம் என்று இருப்பது அந்த விறாந்தையில் கூலியின் ஆறில் ஒரு பங்கு. பாவு பிணைக்கிறவரிடம் போய் “ஆறு இழையில் ஒன்றைக் காசு வாங்காமல் பிணையுங்கள்” என்று யார் சொல்வது? அதனால் நூலையும் துணியையும் தனித்தனிப் பக்கங்களில் பேசாதீர்கள். ஒரே மேசையில், ஒரே நாளில் பேசுங்கள். துணிக்குத் தீர்வை இறங்கும் என்றால், அதற்கு முன்பே தறிக்குப் போகும் நூலுக்கும் சாயத்துக்கும் இருக்கும் சுமை இறங்கி முடிந்திருக்க வேண்டும்.

2022 இல் இதைக் கண்ணால் பார்த்தோம். டொலர் 200 ரூபாயில் இருந்து 360 க்கு ஏறியபோது இந்தியச் சேலை வரத்து அடிபட்டது. மருதமுனைச் சேலை இருக்கிறதா என்று கேட்டு, அதுவரை அந்தப் பக்கமே பார்க்காத ஆட்கள் கடைக்கு வந்தார்கள். தறிக்குப் பொற்காலம் என்று நீங்கள் நினைக்கலாம். நூல் விலையும் அதே டொலரில்தானே ஏறியது! “ஓடர் இருக்கு தம்பி, நூல் வாங்கக் காசில்ல. மறுகா என்னத்த நெய்யிற?” என்றார் காக்கா. போட்டி இல்லாமல் போனாலும் கச்சாப்பொருள் கைக்கு எட்டாவிட்டால் தறி ஓடாது. வெறுமனே கதவைச் சாத்துவது இதற்கு மருந்தில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சாத்திப் பார்த்த மற்றக் கதையும் எல்லோருக்கும் தெரியும். 2019 டிசெம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. தமிழ்நாட்டில் இருந்து வள்ளத்தில் மூட்டை மூட்டையாக மஞ்சள் வந்தது, கடற்படை பிடித்தது, பிடிபடாதது எங்கள் சந்தைக்கு வந்தது. சேலையை மறித்தாலும் அப்படித்தான் ஆகும், மஞ்சளைவிட இலகுவாக. நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியது. விமானமும் இருக்கிறது. கலியாணச் சேலை எடுக்க இந்தியாவுக்குப் போகிறவர்களின் பெட்டிக்குள் என் கடைச் சரக்கில் பாதி வரும். அதை நிறுத்த யாராலும் முடியாது, நிறுத்தவும் கூடாது.

உங்கள் மேசையில் இருக்கும் இன்னொரு சிக்கல் எங்களுக்குத் தெரிவதே இல்லை. உலகம் முழுக்கப் பொதுவான ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டில் முதல் நாலு இலக்கம் பருத்தி நூலுக்கு 5205, பாரம் குறைந்த பருத்தித் துணிக்கு 5208 என்று இருக்கிறது. வெளுத்ததா, சாயமிட்டதா, அச்சடித்ததா என்றெல்லாம் அந்த 5208 க்குள் பிரிவு உண்டு. கையால் நெய்ததா, விசைத்தறியில் நெய்ததா என்ற பிரிவு இல்லை. காக்கா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நெய்த சேலையும், விசைத்தறியில் அந்த நேரத்தில் மளமளவென்று விழுந்த சேலைகளும் அந்தக் குறியீட்டுக்கு ஒன்றுதான். பட்டியலைக் குறியீட்டின்படிதான் நீங்கள் பேசுகிறீர்கள் என்றால், கைத்தறி என்ற ஒன்று உங்கள் மேசைக்கு வருவதே இல்லை. நாங்கள் போய் எங்கே என்று மனுக் கொடுப்பது?

இந்தியாவுக்கு இது தெரியாமல் இல்லை. தன் நாட்டுக் கைத்தறியைத் தன் நாட்டு விசைத்தறியிடம் இருந்தே காப்பாற்ற 1985 இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். குறிப்பிட்ட சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று ஒதுக்கீடு. ஆரம்பத்தில் 22 வகை இருந்தது, பிறகு 11 ஆகச் சுருங்கியது. குறிப்பிட்ட கரை வைத்த சில சேலைகளும் அதற்குள் அடங்கும். 2006 இல் கைத்தறிக்கென்று ஒரு முத்திரையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் அங்கே எவ்வளவு ஒழுங்காக அமுலாகிறது என்பது வேறு விஷயம். ஈரோட்டு நெசவாளியைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஆனாலும் பேச்சு மேசையில் எதிரே இருப்பவரிடம், “உங்கள் நெசவாளிக்கு உங்கள் விசைத்தறியிடம் இருந்து நீங்கள் கொடுக்கும் பாதுகாப்பை, எங்கள் நெசவாளிக்கும் அதே விசைத்தறியிடம் இருந்து தாருங்கள்” என்று கேட்க இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? இதை எங்கள் பக்கத்தவர்கள் எப்போதாவது கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். கடையில் ஒட்டி வைக்கிறேன்.

இப்போது மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே காக்காவின் மூத்த மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியக் கம்பனி பஸ் வந்து சந்தியில் ஏற்றும். மட்டக்களப்பு மாவட்டத்திலும் அம்பாறை மாவட்டத்திலும் கார்மென்டுக்குப் போகும் பிள்ளைகளின் சம்பளம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யாரோ போடும் தீர்வையில் தொங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை 2010 ஓகஸ்டில் போய் 2017 மே மாதம்தான் திரும்பி வந்தது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவித்து, ஜூலையில் 30 என்று சொல்லி, ஓகஸ்டில் 20 இல் வந்து நின்றது. அந்த நாலு மாதமும் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியும். வாப்பாவின் தறிக்கு வெளிநாட்டுத் துணி வராமல் இருந்தால் நல்லது. மகளுக்கு எங்கள் துணி வெளிநாட்டுக்குப் போனால்தான் சம்பளம். ஒரே சமையலறையில் இரண்டு வர்த்தகக் கொள்கை!

அதனால்தான் வர்த்தகத்தை மூடு என்று சொல்லும் கூட்டத்தில் என்னால் சேர முடியாது. ஏறாவூர்ப் பக்கம் புன்னைக்குடாவில் துணி பதனிடும் பூங்கா ஒன்று கொண்டுவந்ததன் காரணமும் இந்தத் தீர்வை விதிதான். ஐரோப்பியச் சலுகை முழுதாகக் கிடைக்க வேண்டும் என்றால் தைப்பது மட்டும் போதாது, துணியும் இங்கேயே உருவாக வேண்டும். எங்கோ பிரசெல்ஸில் எழுதிய ஒரு வரி ஏறாவூரில் காணி அளக்க வைக்கிறது. அந்த ஆலைகளின் கழிவுநீர் எங்கே போகும், கடலில் வலை போடுகிறவனுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். அதை மீனவர்கள் என்னைவிட நன்றாகக் கேட்பார்கள்.

ஆனால், “தறி வேலை போனால் என்ன, கார்மென்ட் வேலை வருகிறதே” என்று யாராவது சொன்னால், அவர் இரண்டு இடத்தையும் நேரில் பார்க்காதவர். தொழிற்சாலை வாசலில் ஆள் எடுக்கும் அறிவித்தலைப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையை எடுப்பார்கள். ஐம்பது வயதுக் காக்காவையும், மூட்டு வலியோடு தார் சுற்றும் அவருடைய உம்மாவையும் எடுப்பார்களா? கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாவு பிணைக்கலாம். தையல் லைனில் முடியாது. நாட்டுக்கு மொத்தமாகக் கூட்டிக் கழித்தால் வேலை கூடியிருக்கலாம். போன வேலையும் வந்த வேலையும் ஒரே ஆளுக்கு உரியவை அல்ல.

மலிவாகக் கிடைக்கிறது என்பதும் உண்மைதான். வெல்லாவெளியில் இருந்தும் திருக்கோவிலில் இருந்தும் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஏறி வரும் அம்மாமார், கையில் இருக்கும் காசுக்கு மூன்று பிள்ளைகளுக்கும் உடுப்பு எடுக்க வேண்டும். அவர்களிடம் போய் உள்ளூர்த் துணியை வாங்குங்கள் என்று பிரசங்கம் வைக்க எனக்கு வாய் வராது. அந்த லாபம் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. நட்டம் மட்டும் நாலைந்து ஒழுங்கைகளில் மொத்தமாக விழுகிறது. சீனப் பொருட்கள் அமெரிக்காவுக்குள் புகுந்தபோது நடந்ததை ஆராய்ந்த பொருளியலாளர்களும் இதைத்தான் கண்டார்கள். வேலை போன ஊர்கள் தாமாக எழும்பவில்லை. பத்து வருடம் கழித்தும் அந்த ஊர்கள் அப்படியே கிடந்தன. அங்கே இறக்குமதியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவிப்பணமும் கொடுக்க 1962 இல் இருந்தே ஒரு திட்டம் இருந்தது. 2022 நடுப்பகுதியில் அதையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2007 இல் இருந்து இதற்கென்று ஒரு நிதி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் இருக்கும் மாற்றுத்தொழில் திட்டத்தின் பெயர் கட்டார் விசா. ஆண்களுக்கு அது. பெண்களுக்கு சவூதியும் குவைத்தும்.

பணக்கார நாடுகள் செய்வதை எல்லாம் நாங்கள் செய்ய முடியாது என்பீர்கள். சரி. இறக்குமதித் துணியில் அறவிடும் தீர்வையில் ஒரு சிறு பங்கைத் தறி இருக்கும் பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு என்று ஒதுக்குவது நடக்காத காரியமா? அதில் நூல் வங்கி ஒன்று வைக்கலாம். நெசவாளிக்கு நூலைக் கடனாகக் கொடுத்து, சேலை விற்ற பிறகு காசை எடுக்கலாம். இப்போது அந்த வேலையை வியாபாரிகள் நாங்கள் செய்கிறோம். எங்கள் நிபந்தனை என்ன என்று காக்காவைக் கேளுங்கள். என் முன்னால் கேட்காதீர்கள்.

சிங்கப்பூர் உடன்படிக்கையின் கதைக்கு வருகிறேன். 2018 ஜனவரி 23 ஆம் திகதி கையெழுத்து. மே 1 ஆம் திகதி நடைமுறை. தீர்வை வரிகளில் 80 வீதத்தை 15 வருடத்துக்குள் விடுவிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, அதே வருடம் ஓகஸ்டில், பேராசிரியர் டபிள்யூ. டி. லக்ஷ்மன் தலைமையில் ஒரு குழு போட்டு உடன்படிக்கை நல்லதா என்று ஆராயச் சொன்னார்கள். தாலி கட்டியபின் பொருத்தம் பார்த்த கதை. அந்தக் குழுவின் முடிவு சரியா பிழையா என்று வாதிட நான் வரவில்லை. அந்த ஆராய்ச்சி நடக்க வேண்டியது 2017 இல். இனி வரும் உடன்படிக்கைகளிலாவது மாதத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள்.

மக்கள் கேட்டால் தகவல் கொடுப்போம் என்றும் சொல்ல முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். காலத்துக்கு முந்தி வெளியிட்டால் பொருளாதாரத்துக்குக் கேடு வரும் என்று மறுக்கக்கூடிய தகவல்களுக்குள் வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்வதும் இருக்கிறது. பேச்சு நடக்கும்போது எங்கள் துருப்புச் சீட்டை எதிராளிக்குக் காட்ட முடியாது என்பது எனக்கும் விளங்கும். நானும் வியாபாரிதான், மொத்த விலையை யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் எந்தப் பொருள் எந்த ஊரில் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்பது துருப்புச் சீட்டு இல்லையே. அந்தக் கணக்கை எடுத்து வெளியிடுவதால் இந்தியாவோ சீனாவோ எங்களை எப்படி ஏமாற்றும்?

ஏற்றுமதி கூடியது என்ற எண்ணை மட்டும் காட்டினாலும் போதாது. இந்திய உடன்படிக்கையின் முதல் வருடங்களில் இந்தியாவுக்குப் போன ஏற்றுமதி குதித்து ஏறியது. எதனால்? செம்பாலும், வனஸ்பதி என்ற தாவர நெய்யாலும். இரண்டு நாட்டுத் தீர்வைக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தில் சம்பாதிக்க இந்திய முதலீட்டாளர்களே இங்கே வந்து ஆலை போட்டார்கள். இந்தியா விதியை இறுக்கியதும் ஆலைகள் மூடப்பட்டன. வரைபடத்தில் கோடு ஏறி இறங்கியதைத் தவிர, எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதனால் அடுப்பு எரியவில்லை.

வெள்ளம் போல் சரக்கு வந்து கொட்டினால் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2018 இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறின: ஒன்று பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு, மற்றது அடிமாட்டு விலைக்கு வந்து கொட்டுவதற்கு எதிராக. இந்த இரண்டாவது விஷயத்தில் உலக வர்த்தக நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறது? முறைப்பாட்டை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் உள்நாட்டு உற்பத்தியில் 25 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். சீமெந்துக் கம்பனி இரண்டு சேர்ந்தால் இது ஒரு காலைக் கூட்டத்தில் முடிந்துவிடும். இரண்டு தறி வைத்திருக்கும் காக்கா, மருதமுனையில் இருந்து வாழைச்சேனை வரைக்கும், அங்கிருந்து தெற்கே சிங்கள ஊர்கள் வரைக்கும் தறி வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்து, உற்பத்திக் கணக்கு எழுதி, ஆங்கிலத்தில் மனுப் போட்டு முடிக்கும்போது தறியில் கறையான் ஏறியிருக்கும்.

அதே விதிகளுக்குள் வழியும் இருக்கிறது. உற்பத்தியாளர்கள் மிகப் பெரும் எண்ணிக்கையில் சிதறியிருக்கும் தொழில் என்றால், மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி ஆதரவைக் கணிக்கலாம் என்று அடிக்குறிப்பு ஒன்று சொல்கிறது. விசேட நிலைமைகளில், மனு இல்லாமலே அதிகாரிகள் தாமாக விசாரணை தொடங்கவும் இடம் உண்டு. கைத்தறிக்கு இந்த இரண்டையும் பாவிப்போம் என்று ஒரு சுற்றறிக்கை எழுதுங்கள். பிரதேச செயலாளர் மூலம் வந்து சேரும் முறைப்பாட்டை ஏற்றுக்கொள்வோம் என்று அதிலேயே சேருங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறீர்கள். பாகிஸ்தான் உடன்படிக்கையில் உருளைக்கிழங்குக்கு வருடம் 1,000 தொன் தீர்வையில்லாமல் வர இடம் கொடுத்தீர்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ஜூன், ஜூலையில். மீதி ஒக்டோபர், நவம்பரில். மாதம் குறித்து, பங்கு பிரித்து எழுதியிருக்கிறீர்கள். பாசுமதி அரிசிக்கும் 6,000 தொன் என்று அளவு வைத்தீர்கள். ஆக, உருளைக்கிழங்குக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த உங்களுக்குச் சாறனுக்கும் பார்க்கத் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு மாதமும்தான் சாறன் தறிக்கு வருடத்தின் பாதி வருமானம். பெருநாள் பிறையோடு நகர்வதால் கணக்குக் கொஞ்சம் சிக்கல். ஆனால் பிறை எந்த வருடம் எந்த மாதத்தில் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

அம்பாறை என்றதும் கொழும்பில் நெல் நினைவுக்கு வரும். 2024 டிசெம்பரில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தபோது கிலோவுக்கு 65 ரூபாய் விசேட பண்ட வரி இருந்தது. அது கூடவா குறையவா என்று தொலைக்காட்சியில் ஒரு மாதம் பேச்சு. நல்லது, பேசத்தான் வேண்டும். விவசாயிக்குச் சங்கம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, எம்பி இருக்கிறார். தறிக்கு வாக்கு குறைவு, சத்தமும் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது. நெல்லைப் பற்றி நான் எழுதாமல் விடுவது இதனால்தான். அதற்கு ஆள் இருக்கிறது.

இன்னொரு யோசனை, பேச்சுவார்த்தையோடு நேரடியாகச் சேராதது. இலங்கைக் கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு, அதாவது இந்த இடத்துப் பொருளுக்கு மட்டும்தான் இந்தப் பெயர் என்ற பதிவு, கொடுத்தது. மருதமுனைச் சேலைக்கு உள்நாட்டிலேயே அப்படி ஒரு குறியீடு கிடைத்தால், கைத்தறி மாதிரிக் கரை அச்சடித்துக் கைத்தறி என்று விற்கும் விசைத்தறிச் சேலையைக் கடைக்காரன் விசைத்தறி என்று சொல்லித்தான் விற்க வேண்டி வரும். கடைக்காரன் என்றால் நானும்தான். எனக்குச் சம்மதம்.

கடைசியாக, நீங்கள் வருவதாக இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள். நோன்பு மாதத்திலும் அதற்கு முந்திய மாதத்திலும் வைத்தால் நெய்கிறவர் ஒருவரும் தறியை விட்டு எழும்பமாட்டார். வருவது என்னைப் போன்ற முதலாளிமார்தான், நாங்கள் எங்களுக்கு வசதியாகத்தான் பேசுவோம். ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை பெரும்போக அறுவடை. தார் சுற்றும் பெண்களில் பலர் வயலுக்குப் போயிருப்பார்கள். மே, ஜூன் நல்லது. மாவட்டச் செயலகத்தில் கூட்டம் வைத்தால் அம்பாறை நகருக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும். மருதமுனையிலேயே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வையுங்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியாவது வரட்டும். பெண் அதிகாரியாக இருந்தால் தார் சுற்றும் தாத்தாமாரும் வாய் திறப்பார்கள். நூலும் துணியும் இருக்கும் பக்கங்களை மட்டும் தமிழில் அச்சடித்து ஒரு வாரம் முந்தி அனுப்பிவிடுங்கள். பிரதி எடுக்கும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு கல்முனைப் புடவைக்கடைக்காரன்